பின்சீட்டுக்கும் ஒரு கனெக்‌ஷன்

இடது காதுத் தோட்டைக் கழற்றி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடிவிட்டால், நீரஜா வேலைக்குக் கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம். வலது காதுத் தோடு அப்படியே இருக்கும். ஒற்றைத் தோட்டோடு சித்திரக்குளத்து ஓரமாக பஸ் ஸ்டாப்புக்கு விரைகிறவளைப் பார்த்து, தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள், "மாமி, ஒரு தோடு விழுந்துடுத்து போலிருக்கே" என்று பதறுவார்கள். "விழலே. அந்தக் காதுக்கு டூட்டி" என்று நடந்துகொண்டே பதில் சொல்லுவாள்.

டெலிபோன் இலாகாவில் அவள் டைரக்டரி என்கொயரி ஆபரேட்டர். மெட்ராஸில் யாருக்கு யார் நம்பர் தெரியாவிட்டாலும் 197-ஐச் சுற்றினால் எதிர்முனையில் இவளோ இவளைப் போன்ற இன்னொருத்தியோ இருப்பார்கள். பத்தொன்பது வருஷமாக ஹெட்செட் இடது காதில்தான். அது அழுத்தி அழுத்திக் காது மடலில் ஒரு பள்ளமே விழுந்திருக்கிறது. மாற்றிப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்டால், "வலது காது ஆத்துக்கு. அதையும் குடுத்துட்டா எனக்குன்னு என்ன இருக்கு?" என்பாள்.

ஒரு நாளைக்கு அறுநூறு எழுநூறு குரல்கள். "மாம்பலத்துல சுப்பிரமணியன்னு ஒருத்தர், அவர் நம்பர் வேணும்" என்பார் ஒருவர். இனிஷியல் கேட்டால் தெரியாது. தெருப் பெயர் கேட்டால் தெரியாது. "கண்ணாடி போட்டிருப்பாரும்மா" என்று உதவி செய்வார். அடுத்த அழைப்பு சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வரும். "இன்னாம்மா, எவ்ளோ நேரமா அட்ச்சிகினே கீறேன், தூங்கிகினு கீறியா?" எல்லோருக்கும் ஒரே பதில், ஒரே குரலில். "வணக்கம். சொல்லுங்கள். என்ன எண் வேண்டும்?" ஆபரேட்டர் முதலில் லைனைத் துண்டிக்கக் கூடாது. ஒரு வார்த்தை தடித்துவிட்டால் மெமோ வரும். நீரஜா இதுவரை மெமோ வாங்கியதில்லை. அதில் அவளுக்குப் பெருமையும் இல்லை. முழுங்கினதெல்லாம் எங்கே போகும் என்றுதான் அவளுக்குக் கவலை.

வேலைப் பழக்கம் வீடு வரை தொத்திக்கொண்டு வந்துவிடுகிறது. கல்யாணத்தில் யாரையாவது அறிமுகம் செய்துவைத்தால், "இனிஷியல்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். படுக்கும்போது இடது காதைத் தலையணைக்குள் புதைத்து மூடிக்கொண்டுதான் தூக்கம். டெலிபோனுக்கு எழுதிப்போட்டு ஊரே வருஷக்கணக்காகக் காத்துக்கிடந்தபோது, இலாகாக்காரி என்று சலுகையில் வந்த கனெக்‌ஷனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள். அந்தத் தெரு அவளை இன்னும் மன்னிக்கவில்லை.

கணவர் பத்ரிநாராயணன் இன்ஷூரன்ஸ் ஆபீசில் ரிக்கார்டு செக்‌ஷன். சாது. ஒரே ஆசை, புல்லட். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செஞ்சி, திருவண்ணாமலை, பாண்டிச்சேரி என்று எங்கேயாவது போயாக வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை கொடைக்கானல். பின்சீட்டில் நீரஜா. பின்னால் உட்காருகிற பெண்கள் ஹெல்மெட் போடுவது ஊரில் அதிசயம் என்பதால் இவர்கள் கிளம்பும்போது தெருவே வேடிக்கை பார்க்கும். "ரெண்டு பூசணிக்கா கெளம்பிடுத்து" என்பார் எதிர்வீட்டுக் கணேசமூர்த்தி. முகம் மூடாத ஹெல்மெட்தான். அதனால் பத்ரி வலதுபக்கக் கண்ணாடியை உள்பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார். பின்னால் வருகிற லாரி தெரியாது, நீரஜாவின் முகம் தெரியும். அவளும் பதினெட்டு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். அவர் திருப்பவில்லை.

அந்தப் பின்சீட்டில்தான் நீரஜா உயிர் வாழ்ந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. வண்டி அடையாறு பாலத்தைத் தாண்டி வேகம் பிடித்ததும் அவள் உதடுகள் அசைய ஆரம்பிக்கும். புல்லட் சத்தத்திலும் காற்றிலும் அவள் பேச்சு அவளுக்கே கேட்காது. அதுதான் வசதி. பதினைந்து நாளாக முழுங்கி வைத்த பதில்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லித் தீர்ப்பாள். கேட்டவர் எந்தத் தமிழில் கேட்டாரோ அந்தத் தமிழிலேயே பதில் போகும். மயிலாப்பூர் மாமி பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "இன்னாய்யா, நான் தூங்கிகினா கீறேன்? நீ வந்து ஒரு நாள் குந்திப் பாரு, தெரியும்!" என்று பொரிவதை வழியிலுள்ள புளியமரங்கள் மட்டும்தான் கேட்டிருக்கும். செங்கல்பட்டு வருவதற்குள் ஆள் லேசாகிவிடுவாள்.

பத்ரி கண்ணாடியில் அந்த உதடுகளைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். மனைவி தன்னிடம்தான் என்னவோ சொல்லிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்திருக்கிறார். தனக்குக் காதில் விழவில்லை என்று சொன்னால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாளோ என்று பயந்து, அவ்வப்போது தலையை மட்டும் ஆட்டி வைப்பார். பதினெட்டு வருஷம் ஆட்டியிருக்கிறார், பாவம்.

போன வருஷம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனசு தாங்காமல் சொன்னார். "நீ சொன்னதெல்லாம் காத்தோட போயிடுத்தேடி. ஒரு வார்த்தை எனக்குக் காதுல விழலே. இனிமே விடப்போறதில்லே." அப்பொழுதே அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ரசம் ஊற்றினாள்.

ரிச்சி தெருச் சந்து ஒன்றில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் ஷாஹுல் ஹமீதைப் பிடித்தார் பத்ரி. நான்கு மாதம் சனிக்கிழமைதோறும் அங்கேதான் பழி கிடந்தார். ஒவ்வொரு ஹெல்மெட்டிலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வயர்லெஸ், அதற்கு ஒரு மைக். மற்றவர் பேசுவதைக் கேட்க ஒரு பாக்கெட் எஃப்.எம். ரேடியோ, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். முதலில் எஞ்சின் சத்தம்தான் கேட்டது. "பிளக்குல கெளம்புற கரண்டு இதுல பூந்துக்குது சார். அந்த மூடிய மாத்திட்டா அடங்கிடும். அப்பால ஊட்டுக்காரம்மா பேசுறது தேனாட்டம் கேக்கும் பாரு" என்றார் ஷாஹுல் ஹமீது. மாற்றினார், அடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை பத்ரி அவள் தலையில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டார், குழந்தைக்குக் குல்லா மாட்டுகிற மாதிரி. இடது காதில் ஒரு குமிழ். வாய்க்கு நேரே வளைந்து வந்து நின்றது மைக் கம்பி. எக்ஸ்சேஞ்சில் இருப்பது போலவே, அச்சு அசலாக. வண்டி லஸ் முனை தாண்டியதும் காதுக்குள் குரல் வந்தது. "ஹலோ, நீரஜா, கேக்கறதா?"

"வணக்கம். சொல்லுங்கள். என்ன எண் வேண்டும்?" என்றாள் அவள்.

பத்ரி பெசன்ட் நகர் வரைக்கும் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லவேளை, அவள் கண்ணில் தண்ணீர் நின்றதைக் காற்று என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வண்டியில் போகிற ஞாயிறெல்லாம் டூட்டிதான். "வலது பக்கம் பாரு, கொக்கு." "ம்." "தயிருக்கு உறை குத்தினியோ?" "குத்தினேன்." மந்தைவெளியில் ஒரு முடிதிருத்தும் கடையில் பாட்டு நின்று, இந்தத் தயிர் விசாரணை ரேடியோவில் வந்து, சோப்பு நுரையோடு ஒருவர் வெளியே எட்டிப் பார்த்தார். பத்ரிக்கு அதுவும் வெற்றிதான். ஒரே ஒரு குறை. "நீ முன்ன மாதிரி பேசவே மாட்டேங்கறியே. மைக்கு சரியில்லையோ?" மூன்று தடவை மைக்கை மாற்றினார். மூன்று தடவையும் ஷாஹுல் ஹமீது தன் வாயருகே வைத்துப் பேசிப் பார்த்துவிட்டு, "மைக்குல ஒண்ணும் கோளாறு இல்ல சார்" என்றார். அவளோ எக்ஸ்சேஞ்சில் முழுங்கினதை இறக்கிவைக்க இடமில்லாமல், வீட்டில் பாத்திரங்களைச் சற்று உரக்கவே வைக்க ஆரம்பித்தாள்.

விஷயம் உடைந்தது மகாபலிபுரத்திலிருந்து திரும்பும்போது. முந்தின நாள் எக்ஸ்சேஞ்சில் இரண்டு பேர் லீவு. ஒருத்தியே எண்ணூற்றுச் சொச்சம் அழைப்புகளுக்குப் பதில் சொல்லியிருந்தாள். போகும்போது முழுவதும் பத்ரி பேசினார். திரும்பும் வழியில் கோவளம் தாண்டியதும் அவளால் முடியவில்லை. மெல்லக் கையை உயர்த்திக் காதுக்குப் போகும் ஒயரின் பின்னைப் பிடுங்கிவிட்டாள். எக்ஸ்சேஞ்சில் பின்னைப் பிடுங்கினால் காதும் வாயும் சேர்ந்தே செத்துவிடும். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்தாள். இங்கே காது தனி, வாய் தனி.

அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். பிறகு ஆரம்பித்தாள்.

"கண்ணாடி போட்டிருப்பாராம்! மாம்பலத்துல கண்ணாடி போடாதவா எத்தனை பேர்? இன்னாய்யா, நீ சொல்றதுக்கு முன்னாடியே நம்பர் வர்றதுக்கு நான் இன்னா ஜோசியக்காரியா? உங்காத்து நம்பர் உனக்கே மறந்துபோனா அதுக்கும் நான்தானா? எல்லாரும் இந்தக் காதுக்குள்ளேயே வந்து உக்காந்துட்டேளே!" முட்டுக்காடு வந்தது, போனது. "ஆத்துக்கு வந்தா இவர். நல்ல மனுஷர், திட்டக்கூட முடியலே. எனக்குன்னு இந்த உலகத்துல இருந்தது இந்த ஒரு ஸீட்டுதான். அதுக்கும் கனெக்‌ஷன் குடுத்துட்டார். ஒரு மணி நேரம், யாராவது என்னை ஒரு மணி நேரம் சும்மா விடுங்களேன்!"

நடுவில் ஒரு தடவை வண்டியின் வேகம் குறைந்து மாட்டுவண்டி நடைக்கு வந்தது. பெட்ரோல் தீர்கிறதோ என்று நினைத்துக்கொண்டாள். திருவான்மியூர் வரைக்கும் நிறுத்தாமல் பேசினாள்.

வீட்டு வாசலில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியபோதுதான் பார்த்தாள். ஹெல்மெட்டிலிருந்த வயர்லெஸ் பெட்டியின் மேல் கடுகளவு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் மைக் உயிரோடு இருக்கிறது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். எரிந்துகொண்டிருந்தது. பத்ரி இன்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை, ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. டாங்க்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அந்த வாரம் வீட்டில் பேச்சு இல்லை. கோபமும் இல்லை, அதுதான் கஷ்டம். காபி டம்ளரைச் சத்தம் வராமல் வைத்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவருக்கு விளக்கம் சொல்லலாம் என்று நீரஜா இரண்டு தடவை வாயைத் திறந்தாள். என்னவென்று சொல்வது? சொன்னதெல்லாம் நிஜம். புல்லட் உறையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றது. இனி அவர் கூப்பிடவே மாட்டார், அந்த ஸீட்டும் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். எண்ணூறு பேருக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவள், ஒருத்தரை இப்படி நோகடித்துவிட்டாளே என்று எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பொழுதும் காதில் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார், தேனாம்பேட்டையில் ஒரு பல் டாக்டரின் நம்பரை.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் வாசலில் உறை உருவும் சத்தம் கேட்டது. "செஞ்சிக்குப் போயிட்டு வரலாமா?" என்றார் பத்ரி, அவளைப் பார்க்காமல்.

ஹெல்மெட்டை வாங்கியதுமே தெரிந்தது. கனம் குறைந்திருந்தது. காதுக் குமிழ் இல்லை, மைக் கம்பியும் இல்லை.

"பேட்டரி தீந்துடுத்து. வாங்கணும்" என்றார்.

புதன்கிழமை வாங்கிய பேட்டரிகள் இரண்டும், ஒயர் சுற்றிய அந்தப் பெட்டிகளும் கூடத்து ஷெல்ஃபில் இருந்ததை அவள் பார்த்திருந்தாள். "மெதுவா வாங்கிக்கலாம்" என்றாள்.

அடையாறு பாலத்துக்கு முன்னால் சிக்னலில் வண்டி நின்றது. பின்சீட்டில் நீரஜா வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பச்சை விழுவதற்குள் பத்ரி கையை நீட்டி, வலதுபக்கக் கண்ணாடியை வெளிப்பக்கமாகத் திருப்பினார். பதினெட்டு வருஷமாக இறுகிப்போயிருந்ததால் அது லேசில் திரும்பவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். கண்ணாடியிலிருந்து அவள் முகம் நகர்ந்துபோய், பின்னால் வந்துகொண்டிருந்த பஸ் தெரிந்தது.