முழங்கால் தண்ணீர்

இந்த ஊர்க் கடல் ஷிப்ட் வேலை செய்கிறது. காலையில் போனால் கரையில் கடல் இராது; கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான் கிடக்கும். ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தால் காலடியில் வந்து நிற்கும். யாழ்ப்பாணத்தில் எங்கள் களப்பு, நிலத்துக்குள் புகுந்து நிற்கும் உப்புத்தண்ணீர், வீட்டோடு இருந்த கடல். வற்றுவதையும் பெருகுவதையும் இரண்டு சாணுக்குள் முடித்துக்கொள்ளும். இந்த வெள்ளைக்கார நாட்டில், செவன் கிங்ஸில் இத்தனை வருடம் இருந்தும் இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது. இவருக்கு மீன் பைத்தியம் பிடிக்கும் வரை தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இவர் என்றால் என் கணவர் சிவநேசன். பஸ் ஓட்டுகிறார். கூட ஓட்டும் காலின் என்ற வெள்ளைக்காரர்தான் இவருக்கு ஃப்ளை ஃபிஷிங் பழக்கிவிட்டவர். புழு, இறால் ஒன்றும் வேண்டாம். இறகையும் நூலையும் கொக்கியில் கட்டிக் குஞ்சுமீன் மாதிரி ஆக்கி, தடித்த தூண்டில் நூலைத் தலைக்குமேல் முன்னும் பின்னும் வீசி எறியவேண்டும். வெயில் காலம் தொடங்க பாஸ் என்ற மீன் எசெக்ஸ் கரையின் ஆழமில்லாத தண்ணீருக்கு இரை தேடி வரும். குளிர் வர ஆழத்துக்குப் போய்விடும். முதல் மீனைக் கையில் ஏந்திக்கொண்டு இவர், "இது எங்கட கொடுவாயின்ர ஒண்டுவிட்ட தம்பியெல்லே" என்றார். பிறகு அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். காலின் அப்படித்தான் செய்வாராம். குழம்புக்குப் புளி ஊறப்போட்டுவிட்டு வந்த நான் அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன்.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். யுத்தத்தில் இடம்பெயர்ந்த வருடம் களப்பை நடந்துதான் கடந்தோம். அண்ணை முதலில் அக்கரைக்குப் போய்விட்டார். சத்தம் போட்டால் ஆமிக்குக் கேட்டுவிடும். அதனால் கையை உயர்த்தி, உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை மடக்கி மடக்கி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றார். கழுத்தளவு தண்ணீரில் அந்தக் கையை மட்டும் பார்த்து நடந்தேன். இவருக்கோ அதே களப்பு சிறுவயதில் விளையாடிய முற்றம். "கால் நிலத்தில பட்டா தண்ணி ஆளைக் கொல்லாது" என்பது இவருடைய வேதவாக்கு.

செப்டம்பரில் ஒருநாள் சாப்பிட ரோல்ஸும் தேத்தண்ணீர் பிளாஸ்க்குமாகக் கரைச்சுவரில் உட்கார்ந்திருந்தேன். இருவரும் சேற்றுக்கு அப்பால், முழங்கால் தண்ணீரில், எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். காலின் ஆற்றில் மீன் பிடித்துப் பழகியவர். கடல் அவருக்கும் புதிது. அவர்கள் நடந்து கடந்த தாழ்வான வாய்க்கால் ஒன்று எங்களுக்கு நடுவே கிடந்தது. அதற்குள் தண்ணீர் பளபளத்தது. கொஞ்ச நேரத்தில் வாய்க்காலின் விளிம்பைக் காணவில்லை. கடல் அவர்களுக்கு முன்னால் அமைதியாக இருக்க, பின்னால் வந்து வழியை மூடிக்கொண்டிருந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இவர் ஆழம் பார்த்துத்தான் விட்டார், நேரம் பார்க்கவில்லை.

கத்தினேன். எதிர்க்காற்று குரலை என்னிடமே கொண்டுவந்தது. கையை உயர்த்தி, கவிழ்த்து, விரல்களை மடக்கி மடக்கிக் கூப்பிட்டேன். காலின் திரும்பினார். சிரித்தார். தானும் கையை அசைத்துவிட்டு மறுபடி கடலைப் பார்த்தார். நான் விடாமல் கூப்பிட, இன்னொருதரம் திரும்பினார். இரண்டாம் முறையும் அசைத்தார், இன்னும் சந்தோஷமாக. போய் வாருங்கள் என்று நான் டாட்டா காட்டுவதாக அந்த மனிதர் நினைத்துவிட்டார்.

அந்த நேரம் இவருடைய தூண்டிலில் மீன் கொழுவியது. அது கரைப்பக்கமாக இழுத்தோட, இவரும் கூடவே திரும்பினார். என் கையைக் கண்டார். அதற்குமேல் ஒன்றும் யோசிக்கவில்லை. நூலை அறுத்துவிட்டு, காலினின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வாய்க்காலில் தண்ணீர் நெஞ்சைத் தொட்டது. ஒரு தடவை இவருடைய தலை மட்டும்தான் தெரிந்தது. கடவுளே, கால் நிலத்தில் படவேண்டும் என்று மட்டும் கேட்டேன். வாய்க்காலைத் தாண்டி வந்து இவர் என் கையைப் பிடித்தபோதுதான் நானும் முழங்கால் தண்ணீரில் நிற்பது தெரிந்தது.

"பயந்திட்டீரே?" என்றார். இவருக்குப் பல் கிட்டியது, குளிரிலா பயத்திலா தெரியாது.

"இனி இந்தப் பக்கம் வரமாட்டம் எண்டு சொல்லுங்கோ" என்றேன். இவர் அறுந்த நூலின் மிச்சத்தைச் சுற்றத் தொடங்கினார்.

காலின் நூறு முறை மன்னிப்புக் கேட்டார். இங்கே ஆளைக் கூப்பிடுவதென்றால் உள்ளங்கையை மேலே காட்டவேண்டுமாம். வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகினேன். நாயைக் கூப்பிடுவது போலிருந்தது.

அக்டோபரில், மீன் ஆழத்துக்குப் போகுமுன் கடைசியாக ஒருதரம் என்று கிளம்பினார்கள். வற்று, பெருக்கு நேரங்களை இம்முறை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். இருந்தும் நான் உட்காரவில்லை. தண்ணீர் திரும்பும் நேரம் வந்ததும் வலக்கையை நிமிர்த்திக் காலினைக் கூப்பிட்டேன், இடக்கையைக் கவிழ்த்து இவரைக் கூப்பிட்டேன். பார்த்தவர்கள் ஒருவரை வா என்றும் மற்றவரைப் போ என்றும் நான் சொல்வதாக நினைத்திருப்பார்கள். இருவரும் கரையேறும் வரை இரண்டு கைகளையும் இறக்கவில்லை.