தோளில் ஒரு கை

கம்பத்திலிருந்து வந்து, மருமகன் வீட்டில் மகளின் பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். அவன் அடித்ததில் செத்துப்போனாள். அவள் படம் என்று பெட்டியில் கல்யாணப் படம் ஒன்றுதான் இருக்கிறது. மட்டாஞ்சேரியில், மிளகுக் கிடங்குக்கு எதிரே உள்ள ஸ்டுடியோவில் கொடுத்து, அவனை அழிக்கச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் அவன் முகம் போகிறது, சட்டை போகிறது. அவள் தோளில் வைத்த கை மட்டும் நிற்கிறது.

"கையை எடுத்தா தோளும் கேடாகும் அண்ணாச்சி," என்கிறார் ஸ்டுடியோக்காரர், மலையாளம் கலந்த தமிழில். "மோளைத் தனியா நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்துல எடுத்த படம் இல்லே?"

"இல்ல."

"ஒண்ணு எடுத்திருந்தா இந்தப் பாடு வேண்டாமே."

வரன் தேடக்கூட அப்படி ஒன்று எடுக்க எனக்குத் தோன்றவில்லை. முதலில் வந்த வரனுக்கே கொடுத்துவிட்டேன்.

"கழுத்துக்கு மேல மட்டும் வெட்டிக் குடுங்க."

"அப்போ தாலி தெரியாதே, அண்ணாச்சி."

"கட்டவெச்சவன் நான்தான். போகட்டும்."