மிச்சத் துணி

முருகம்மாள் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பால் வாங்கினால் மோந்து பார்ப்பாள், கேஸ் சிலிண்டர் வந்தால் ஆட்டிப் பார்ப்பாள். தைத்த ரவிக்கையோடு மிச்சத் துணியையும் கேட்டு வாங்குவாள். துண்டு சிறுத்திருந்தால் சண்டைதான். இப்படியே அவனியாபுரத்தில் மூன்று தையல்கடைகளைப் பகைத்துக்கொண்டாயிற்று.

நாலாவதாக வாய்த்தவள் பாண்டிமீனா. இவளையும் விட்டால் வேறு ஆளில்லை. முருகம்மாளுக்கு சிம்மக்கல் பழக்கடையில் கூடை தூக்கும் வேலை. எந்த ரவிக்கையும் ஒரே மாதத்தில் அக்குளில் கிழிந்துவிடும். பாண்டிமீனா அவளை நாலு தரம் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, முதுகின் மேலே ஒரு பட்டி வைத்து, அதற்குக் கீழே மூன்று மடிப்பு விட்டுத் தைத்தாள். கையைத் தூக்கினால் மடிப்பு விரிந்து கொடுத்தது. போட்டுப் பார்த்த முருகம்மாளுக்கு அப்பாடா என்றிருந்தது.

"மிச்சத் துணி எங்க தங்கச்சி?"

"மிச்சமில்லக்கா. அம்புட்டும் மடிப்புக்கே போயிருச்சு."

மெஷின் மேல் ஒரு செல்போன் பை கிடந்தது. அவள் கொடுத்த ரவிக்கைத் துணியின் அதே நீலம். கையும் களவுமாகப் பிடித்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று முருகம்மாள் ரவிக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் பிளேடை எடுத்தாள். மடிப்பு, பட்டி, கை எல்லாவற்றையும் பிரித்துத் தரையில் பரப்பி, சாண் போட்டு அளந்தாள். கொடுத்த துணி மொத்தமும் அங்கேதான் கிடந்தது. பட்டியின் உள்பக்கம் மட்டும் வேறு துணி. நீலந்தான், ஆனால் அதில் பொடிப்பொடியாக வெள்ளைக் கோடு. செல்போன் பையிலும் அந்தக் கோடு இருந்தது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. துணி பற்றாமல் அந்தப் பெண் தன்னுடையதைப் போட்டிருக்கிறாள், அதைச் சொல்லிக்காட்டக்கூட இல்லை.

முருகம்மாளுக்குக் கூசிப் போயிற்று. மறுநாள் துண்டுகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

"தையல் விட்டுப்போச்சு தங்கச்சி."

பாண்டிமீனா நூல்முனைகளை விரலால் நீவிப் பார்த்தாள்.

"பிளேடு பட்ட நூல் எனக்குத் தெரியாதாக்கா?"

பாண்டிமீனா கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றி அவளிடம் நீட்டினாள்.

"துண்டுகள அளந்து குடுத்துட்டுப் போங்க. நாளைக்குத் தச்சு வைக்கிறேன்."

முருகம்மாள் டேப்பை வாங்கவில்லை.

"வேணாம்த்தா. எல்லாம் சரியாத்தான் இருக்கும்," என்றாள்.

அந்த வார்த்தையை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.