அராசெலி கடலில் இறங்கியது

மாலகா நகரத்தின் கடற்கரை ஓட்டல் ஒன்றில், நிலத்தடிச் சலவை அறையில் அராசெலியும் நானும் முப்பத்தோரு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். விருந்தினர்கள் கடலில் குளித்துவிட்டுப் போடும் துண்டுகளை அவள் துவைப்பாள், நான் மடிப்பேன். துண்டில் ஒட்டிய பாசியைப் பார்த்தே, "கிழக்குக் காத்துடி, தண்ணி கலங்கிக் கெடக்கு" என்பாள். ஆனால் முழங்காலுக்கு மேல் அவளைக் கடல் நனைத்ததில்லை.

ஓர் அக்டோபர் காலையில், டென்மார்க்கிலிருந்து வருடாவருடம் வரும் தோவே, துண்டோடு சுருட்டிப் போட்டுவிட்ட மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கீழே வந்தாள். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவள். கண்ணாடி கிடைத்ததும், "நீங்க உள்ளூர்க்காரங்க. எங்க நீந்துவீங்க?" என்று கேட்டாள்.

நீந்தத் தெரியாது என்று சொல்ல அராசெலிக்குக் கூச்சம். வாயில் வந்ததைச் சொன்னாள்: "பெத்ரகலேஹோ கடற்கரையில, அலையைத் தடுக்கக் கடலுக்குள்ள கல்லைக் கொட்டியிருக்காங்கல்ல, அந்த மூணாவது கல்லணைக்கு உள்பக்கம். காலைல பத்து மணிக்கு."

மறுநாள் தலை ஈரம் காயாமல் தோவே ஓடிவந்தாள். "பதினொரு வருஷமா வர்றேன், இப்படி ஒரு இடம் தெரியாமப் போச்சே! ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்க."

"முட்டி வலி, மேடம்."

"கடல் தண்ணி முட்டிக்கு நல்லது."

அராசெலி என்னைப் பார்த்தாள். நான் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னிடம் இரவல் வாங்கிய கறுப்பு நீச்சலுடையில் அராசெலி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். கரையில் மணல் நிரப்பிய பழைய படகில் தணல் போட்டு மத்தி மீனைக் குச்சியில் கோத்துச் சுடுவது அவள் கணவன் இலாரியோவின் பிழைப்பு. அவன் அங்கிருந்தே கத்தினான்: "அடியே, என்ன சிலை மாதிரி நிக்கிற? நீந்திக் காட்டு!"

"நீ மீனைப் பாருய்யா!" என்றவள், தோவே பக்கம் திரும்பி, "மேடம், எனக்கு நீச்சலே தெரியாது" என்றாள்.

தோவே ஒரு கணம் திகைத்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அராசெலியின் முதுகுக்கடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, "வானத்தைப் பாருங்க, மூச்சை விடுங்க" என்றாள். கொஞ்ச நேரத்தில் கைகளை மெல்ல எடுத்துவிட்டாள். ஐம்பத்தாறு வயது அராசெலி, முகத்தில் வெயில் விழ, மிதந்தாள். "ஏய், என்னை யாரும் பிடிக்கல! யாருமே பிடிக்கல!" என்ற அவள் கூச்சலில் இலாரியோ மீனை மறந்தான். ஒரு குச்சி மத்தி கரியாகிவிட்டது.

மூன்று வாரத்தில் கல்லணை வரை நீந்தக் கற்றுக்கொண்டாள். அடுத்த வருடம் தோவே அந்தக் கடற்கரையை ஒட்டிய தெருவில் வீடு எடுத்து இங்கேயே தங்கிவிட்டாள். இப்போது, எங்கே குளிக்கலாம் என்று யாராவது கேட்டால் வரவேற்பறைப் பெண்கள் நேராகச் சலவை அறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அராசெலி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, காற்று, அலை, நேரம் எல்லாம் சொல்லி அனுப்புகிறாள்.

இலாரியோவை மட்டும் இன்னும் தண்ணீரில் இறக்க முடியவில்லை. "தணலை யாருடி பாத்துக்கறது?" என்கிறான்.