வீட்டாளுக

எங்கள் வீட்டுக் கதவில் ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு’ என்ற தாளை ஒட்ட வந்தவரிடம் அம்மா, “ஒட்டுறதுதான் ஒட்டுறீக, நேரா ஒட்டுங்க” என்றார். 2020 ஜூன். சென்னையிலிருந்து இ-பாஸ் வாங்கிக்கொண்டு இலுப்பூருக்கு வந்திருந்தேன். மாடி அறையில் பதினான்கு நாள் இருக்க வேண்டும். தினமும் காலை பத்து மணிக்குச் சுகாதார நிலையத்து நர்ஸ் போனில் அழைப்பார். அவரை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. குரலை வைத்து அக்கா என்றேன். காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா, மூச்சு வாங்குதா, வாசனை தெரியுதா. தினமும் அதே வரிசை. பதில்களை நேரம் குறித்து டைரியில் எழுதிவைப்பேன்.

எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் டைரியில் ஒன்றும் இல்லை. சென்னையில் ஆறு வருடமாக என்னோடு ஒரே வீட்டில் வாழ்பவன், காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தான். அவன் போன் அணைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பேசினால், “நீங்க அவருக்கு என்ன உறவு?” என்றார்கள். நண்பர் என்றேன். குடும்பத்தாருக்குத்தான் சொல்வோம் என்று வைத்துவிட்டார்கள். அவன் குடும்பம் அவனோடு பேசுவதில்லை, காரணம் நான். அவன் செத்துப்போனால்கூட எனக்குச் சொல்ல ஆள் கிடையாது. அம்மாவின் எதிரில் எதற்கென்று சொல்லி அழுவேன் என்றே யோசித்துக்கொண்டு கிடந்தேன். தூக்கம் இல்லை. படியில் வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை.

பத்தாம் நாள் அக்கா, “என்ன தம்பி, கொரல் செத்துக் கெடக்கு? சாப்பிட்டீங்களா, இல்லையா?” என்றார். அது அவருடைய படிவத்தில் இல்லாத கேள்வி. சொல்லிவிட்டேன்.

“நண்பர் இல்லக்கா. நாங்க ரெண்டு பேரும் குடும்பம் நடத்துறோம்.”

அவர் பக்கத்தில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

“எந்த ஆஸ்பத்திரி? என்ன வார்டு?” என்றார். எழுதிக்கொண்டார். “வீட்டாளுக கேக்குறாகன்னு சொல்லி விசாரிக்கிறேன். அது பொய்யில்லையே?”

“இல்லக்கா.”

மறுநாள் ஒன்பது நாற்பதுக்கே போன் அடித்தது. ஒருநாளும் முன்கூட்டி அழைக்காதவர். நாலைந்து முறை அடித்த பிறகே எடுத்தேன்.

“காய்ச்சல் விட்டுருச்சாம். கஞ்சி குடிச்சாராம். சார்ஜர மறந்துட்டுப் போயிருக்காரு ஒங்க ஆளு, அதான் போன் இல்ல. பக்கத்து பெட்டுக்காரர்ட்ட கேட்டு வாங்கித் தாரோம்னு வார்டுல சொல்லிருக்காக. சரி, இப்ப நீங்க சொல்லுங்க. இருமல் இருக்கா?”

சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தேன்.

“மூக்க உறிஞ்சுறீங்களே, சளியா?”

“இல்லக்கா. அழுகுறேன்.”

“அதுக்கு இதுல கட்டமில்ல தம்பி. அழுதுட்டுச் சாப்பிடுங்க.”

அழுது முடித்து, மாடிப்படியின் மேல் நின்று, அம்மாவிடம் சோறு கேட்டேன்.