நாலாவது கயிறு

தட்டு வந்ததும் முதலில் அதைக் கால் வட்டம் திருப்புவார். பிறகு குனிந்து, ஆவி முகத்தில் படும் தூரத்தில் மூக்கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்ன எவர்சில்வர் ஸ்பூனால் ஓரத்தில் ஒரு துளி தொட்டு நாக்கு நுனியில் வைப்பார். அதுவரை மேஜையில் யாரும் கை வைக்கக் கூடாது. பசி வயிற்றைக் கிள்ளினாலும் கூடாது. கடைசியில் கண்ணைத் திறந்து, "ம், ஓடலாம்" என்பார். பழுது பார்த்த லிப்டை மறுபடி ஜனங்களுக்குத் திறந்து விடும்போது அவர் சொல்லும் சொல் அது. எங்கள் மேஜையில் அதற்குச் சாப்பிடலாம் என்று அர்த்தம்.

அவர் என் தங்கையின் கணவர். எனக்கு மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான். லிப்ட் மெக்கானிக். ஒல்லியான உடம்பு, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் கோடு நகத்தடியில். அவருடைய ஒரே மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் வயிற்று வலி, சொறி என்ற கணக்கில் இல்லை. ஒரு பருக்கை உள்ளே போனாலே தொண்டை அடைத்துக்கொள்ளும்.

குட்டி என்று நாங்கள் கூப்பிடும் அந்தப் பெண்ணுக்கு நான்கு வயதிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் ஒரு பிஸ்கட்டைக் கடித்தாள். உதடு வீங்கி, கண் செருகி, மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. இவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழு மாடியையும் படியிலேயே ஓடி இறங்கினார். லிப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின வாரம் அதைச் சரிபார்த்தவரே இவர்தான். "நடுவுல நின்னுட்டா?" என்று பிறகு கேட்டார். சூடு கண்ட பூனை என்பார்கள். அன்றைக்குச் சூடு கண்டவர், இன்றுவரை அடுப்பைப் பார்த்தாலே வால் சுருட்டுகிறார்.

அப்படிப்பட்டவர் எங்களை மாதம் ஒரு முறை கூட்டிப்போகிற ஓட்டலைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு பாதி ஜப்பான், ஒரு பாதி தாய்லாந்து. தலைக்கு ஒரு தொகை, வயிறு கொண்ட மட்டும் சாப்பிடலாம். எதற்கெடுத்தாலும் வேர்க்கடலையைத் தூவுகிற சமையலுக்கா இந்தப் பிள்ளையை இழுத்துப் போகிறீர்கள் என்று நானும் சண்டை போட்டிருக்கிறேன்.

"மச்சான், பஃபேன்னு வெச்சுக்கங்க. ஒரே கரண்டி பத்து பாத்திரத்துல முங்கி எந்திரிக்கும். எதுல எது இருக்குன்னு கடவுளுக்கே தெரியாது. இங்க நாம கேட்ட அப்புறம்தான் அடுப்பையே பத்தவைக்கிறான். கடலை வேணாம்னா கழுவின வாணலியில புதுசா போட்டுத் தருவான்."

குட்டிக்கோ அந்த இடம் என்றால் உயிர். கல்யாணமோ பள்ளிக்கூடச் சுற்றுலாவோ, வேறு எங்கு போனாலும் அவளுக்கு வீட்டு டப்பாதான். படத்தைத் தொட்டு, கேட்டதை வரவழைத்து, மற்ற பிள்ளைகளைப் போலச் சாப்பிட அவளுக்கு இருப்பது இந்த ஒரு மேஜை. சோற்று உருண்டை மேல் ஆரஞ்சு நிற மீன் துண்டு படுத்திருக்கும் சூஷியை அவள் இரண்டு கன்னமும் புடைக்கத் தின்பதைப் பார்த்தால் நமக்கும் பசிக்கும்.

மாப்பிள்ளைக்கு இதிலெல்லாம் கயிற்றுக் கணக்கு ஒன்று உண்டு. "லிப்டைத் தூக்க ஒரு கயிறே போதும். ஆனா நாலு போடுறோம். ஏன்? ஒண்ணை மட்டும் நம்பி உசுரை ஏத்தக் கூடாது." மேஜையில் இருக்கும் ஆர்டர் டேப்லெட்டில் 'கடலை கூடாது' என்று எழுதுவது முதல் கயிறு. பரிமாற வருகிறவரிடம் வாயால் சொல்வது இரண்டாவது. தட்டுகள் மாறிப் போகாமலிருக்க, மூன்றுக்கு மேல் ஒரே தடவையில் வரவழைக்காமல் இருப்பது மூன்றாவது. மற்ற மேஜைகளில் தட்டுகள் கோபுரமாக எழும்பும்போது எங்கள் மேஜை மட்டும் விரத வீடு மாதிரி இருக்கும். நாலாவது கயிறு அவருடைய மூக்கும் நாக்கும். டாக்டர் இதைக் கேட்டுவிட்டு, நாக்கெல்லாம் பரிசோதனை ஆகாது என்று தலையில் அடித்துக்கொண்டாராம். "முதல் மூணும் இருக்கே டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நாலும் அறுந்தால்? அதற்குச் சட்டைப் பையில் ஊசி. பேனா போல இருக்கும், தொடையில் வைத்து அழுத்தினால் மருந்து இறங்கும். அதற்காகவே எல்லாச் சட்டைக்கும் மூடி வைத்த பை தைத்திருக்கிறார். பேசிக்கொண்டே இருப்பார், கை போய் அந்தப் பையைத் தொட்டுவிட்டு வரும். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் ஒன்று இருக்கிறது. வெளியே போனால் இவரிடம். குட்டியிடம் கிடையாது.

"எனக்குப் பதினாலு வயசாச்சுப்பா. நானே வெச்சுக்கறேனே."

"இந்த வருஷத்துல எத்தனை தண்ணி பாட்டில் தொலைச்ச?"

"அடுத்த மாசம் பிரெண்ட்ஸோட இங்க வரட்டுமா? நாங்க மட்டும்."

"வாங்க. நான் பக்கத்து மேஜையில முதுகைக் காட்டிட்டு உக்காந்துக்கறேன்."

"மானம் போயிடும்ப்பா!"

"போனா போகட்டும், வேற வாங்கிக்கலாம்." சிரிக்காமல்தான் சொல்வார். அவள் முகம் சுருங்கினால் தலையில் தட்டிக் கொடுத்து, "பயப்படுறது என் வேலை. சாப்பிடுறது உன் வேலை. வேலையை மாத்திக்காத" என்பார். அவளும் மாற்றிக்கொள்ளவில்லை. அப்பா 'ஓடலாம்' என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போடுவாள்.

சில வாரங்களுக்கு முன் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. தேறி வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டார். அப்புறம் ஒரு நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். படி ஏறும்போதே பால் தீய்ந்த நாற்றம். உள்ளே போனால் அடுப்புக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். தங்கை ஓடி வந்து அடுப்பை அணைத்து, "மூக்கை எங்க அடகு வெச்சீங்க?" என்று கத்தினாள். அவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன ஞாயிறு மதியம் ஓட்டலில் கூட்டம் தாங்கவில்லை. பரிமாறுகிறவர்கள் தட்டுகளை முழங்கை வரை அடுக்கிக்கொண்டு ஓடினார்கள். மாப்பிள்ளை வழக்கம் போலத் தட்டைத் திருப்பினார், முகர்ந்தார், ஸ்பூனால் தொட்டார். ஆனால் 'ஓடலாம்' சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "நீங்க ஒரு வாய் பாருங்க மச்சான். எப்படி இருக்கு?" என்றார்.

இத்தனை வருஷத்தில் அப்படி அவர் கேட்டதே இல்லை. எனக்கு ஏதோ பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது. சாப்பிட்டுப் பார்த்து, "இஞ்சி தூக்கலா இருக்கு, நல்லா இருக்கு" என்றேன். "வேற ஒண்ணும் இல்லையே?" என்றார். இல்லை என்றேன். அதற்கப்புறம்தான் "ஓடலாம்." அடுத்த தட்டுக்கும் இதே கதை. லிப்டின் கம்பிக் கயிற்றைச் சோதிக்க அவர் ஒரு பழைய பருத்தித் துணியைச் சுற்றிப் பிடித்து நீளத்துக்கும் இழுத்துக்கொண்டே போவார். எங்கே துணி மாட்டுகிறதோ அங்கே இழை அறுந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கேள்வி எனக்கும் எங்கோ மாட்டத்தான் செய்தது. சாப்பாட்டு ருசியில் இழுத்துவிட்டுக்கொண்டு மேலே போய்விட்டேன்.

மூன்றாவதாக வந்தது தேங்காய்ப்பால் குழம்பு, செக்கச் செவேலென்று. அது வந்த நேரம் பார்த்து நான் ஒரு காரியம் செய்திருந்தேன். சூஷிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு பச்சை விழுது வைப்பார்கள், வசாபி என்று பெயர். இத்தனை நாள் தொடாமலே விட்டிருந்தவன், அன்று துவையல்தானே என்று கொட்டைப் பாக்கு அளவு எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். காரம் நாக்கில் நிற்கவில்லை, நேரே மூக்கு வழியாக மண்டைக்கு ஏறியது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். குட்டி விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

மாப்பிள்ளை குழம்பை முகர்ந்தார். நாக்கில் வைத்தார். என் பக்கம் ஒரு வாய் நீட்டினார். நானும் விழுங்கினேன், தீயில் தீ போட்டால் எந்தத் தீ என்று யாருக்குத் தெரியும்? "எப்படி மச்சான்? ஒண்ணும் இல்லையே?"

பேச முடியாமல் கையை ஆட்டினேன். கொஞ்சம் பொறுங்கள் என்று நான் ஆட்டினேன். ஒன்றும் இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"ம், ஓடலாம்."

குட்டி ஒரு கரண்டி அள்ளினாள். சூடாக இருந்ததால் ஊதினாள். அந்த ஊதலில்தான் ஆவி என் முகத்துக்கு வந்தது. வசாபிக் காரம் இறங்கும்போது அடைத்த மூக்கையெல்லாம் துடைத்துத் திறந்துவிட்டுப் போகும் போலிருக்கிறது. வறுத்து அரைத்த கடலை வாசனை, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல். கரண்டி அவள் உதட்டுக்குக் கிட்டே போயிருந்தது. எழுந்து அவள் மணிக்கட்டைத் தட்டினேன். குழம்பு மேஜையெல்லாம் தெறித்தது.

"மாமா!"

"கடலை" என்றேன்.

தங்கை கிண்ணத்தை இழுத்து ஒரே ஒரு தரம் முகர்ந்தாள். "ஐயோ, கடலைதாங்க!" என்று அலறினாள். அதே நேரம் பரிமாறும் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "சார், சார், மன்னிச்சுக்கங்க, அது பக்கத்து மேஜையோடது. கலர் ஒரே மாதிரி இருந்ததால..." அவள் கையில் எங்கள் குழம்பு இருந்தது. அதே சிவப்பு, அதே கிண்ணம்.

மாப்பிள்ளை அவளைத் திட்டவில்லை. மகளின் முகவாயைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினார். "வாயைத் திற. நாக்கைக் காட்டு. பட்டுச்சா? உதட்டுல பட்டுச்சா?" இல்லை என்று தலையாட்டினாள். கையில் மட்டும் தெறித்திருந்தது. தங்கை அவளைக் கூட்டிப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிக் கூட்டிவந்தாள். அதற்குள் மணிக்கட்டில் ஒரு சிவப்பு வட்டம் எழும்பியிருந்தது.

நாங்கள் நான்கு பேரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை ஊசிப் பேனாவை வெளியே எடுத்து மூடியில் கட்டை விரலை வைத்திருந்தார். சுற்றிலும் ஜனங்கள் சிரித்துக்கொண்டும் தட்டு மேல் தட்டாக அடுக்கிக்கொண்டும் இருந்தார்கள். "மூச்சு விடு. சத்தமா விடு" என்றார். விட்டாள். விசில் இல்லை. "இன்னொரு தரம்." விட்டாள். அவளுக்கு இல்லாத இரைச்சல் என் நெஞ்சில் கேட்டது. வட்டம் பெரிதாகவில்லை. வெகு நேரம் கழித்து ஓரம் மங்க ஆரம்பித்தது.

"அப்பா," என்றாள் குட்டி, "உங்களுக்குத் தெரியலையா?"

தங்கை தாழ்ந்த குரலில், "எத்தனை நாளா?" என்றாள். அன்றைய பால் அவளுக்கும் நினைவு வந்துவிட்டது.

"காய்ச்சல்லேர்ந்து." அவர் மேஜையைப் பார்த்தே பேசினார். "உப்பு, உறைப்பு தெரியுது. வாசனைதான் ஒண்ணும் வரல. தினம் காலையில வெங்காயத்தை நறுக்கி மோந்து பாக்கறேன். இன்னைக்கு வந்துடும், நாளைக்கு வந்துடும்னு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா இங்க வர்றதை நிறுத்திடுவ. அவளுக்கு இருக்கறதே இந்த ஒரு இடம். மச்சான் இருக்காரே, சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன்." என்னைப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் கண்டதில்லை. "ஒரு இழை போனாலே லிப்டுக்குப் பலகை மாட்டிப் பூட்டுறவன் நான். அறுந்த கயிறுன்னு தெரிஞ்சே என் பொண்ணை ஏத்திட்டேன் மச்சான்."

எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பயம்தான் வந்தது, அவருக்குப் பதிலாக இனி நாங்கள் எல்லோரும் பயப்பட வேண்டுமே என்ற பயம்.

சரியான குழம்பு நடுவில் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. குட்டிதான் அதைத் தன் பக்கம் இழுத்தாள். கால் வட்டம் திருப்பினாள். குனிந்து கண்ணை மூடி முகர்ந்தாள். அப்பாவைப் போலவே, அதே நிதானம். பிறகு கிண்ணத்தைத் தங்கையிடம் தள்ளினாள், தங்கை என்னிடம் தள்ளினாள். நானும் முகர்ந்தேன், ஒரு வாய் தின்று பார்த்தேன். தேங்காய்ப்பால், எலுமிச்சை இலை, வேறொன்றும் இல்லை. "ஒண்ணும் இல்ல" என்று இந்தத் தடவை வாயால், சத்தமாகவே சொன்னேன்.

குட்டி கரண்டியை எடுக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த 'ஓடலாம்' என்ற சொல்லுக்காக. அவரோ கையிலிருந்த ஊசிப் பேனாவைச் சட்டை ஓரத்தில் துடைத்தார். அவளுடைய உள்ளங்கையில் வைத்தார். அவள் விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கி மூடினார். மூடியபின், அந்தச் சின்னக் கைமுட்டியின் மேல் வைத்த தன் கையை அவர் எடுக்கவே இல்லை.