வேடியப்பன் நிரப்பாமல் விட்ட கட்டம்

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று, விண்ணப்பத்தில் சாதி என்று இருந்த கட்டத்தை வேடியப்பன் காலியாக விட்டுவிட்டான். "இன்னா ஜாதின்னு போடட்டும்பா?" என்று கேட்ட வாத்தியாரிடம், "அதெல்லாம் இப்ப இல்ல சார்" என்றான். வாத்தியார் அவனைப் பெரிய கொள்கைக்காரன் என்று நினைத்துத் தோளில் தட்டிக்கொடுத்தார். அவனுக்குக் கொள்கையும் தெரியாது, மண்ணாங்கட்டியும் தெரியாது. கல்வராயன் மலையில் கடுக்காம்பாடி என்ற ஊரில், மலையாளி என்கிற மலைவாழ் பழங்குடியில் பிறந்தவன். கரும்பு வெட்டக் கீழே இறங்கிய இடத்தில் தங்கமணியைப் பார்த்து, வேறு சாதி என்று தெரிந்தே கட்டிக்கொண்டான். ஊர் கூடித் தள்ளி வைத்தது. ஊரே வேண்டாம் என்று தள்ளிவிட்ட பிறகு சாதி மட்டும் நம்மோடு எப்படி வரும் என்று நினைத்தான். அதை மனதார நம்பவும் செய்தான்.

அரசாங்கத்துக்கு இந்தத் தள்ளி வைப்பெல்லாம் கணக்கே இல்லை என்று அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை. சங்கராபுரத்தில் அரிசி ஆலையில் நெல் அவிக்கிற வேலை, ஓர் அறை கொண்ட வாடகை வீடு. தங்கமணி உயிரோடு இருந்தவரை அந்த ஓர் அறையே அவனுக்கு ஊராக இருந்தது. மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோன பிறகு, வேலை விட்டு வந்தால் வாய் திறந்து பேச மகள் எழில்மதி மட்டும்தான். அவளோ புத்தகத்தில் மூழ்கினால் கூப்பிட்டாலும் காது கேட்காதவள். பெருமையாகவும் இருந்தது, சில நாள் பேச ஆளில்லாமல் நெஞ்சு அடைக்கவும் செய்தது.

பன்னிரண்டாவது முடித்ததும் சட்டம்தான் படிப்பேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். விண்ணப்பம் போடுகிற கம்ப்யூட்டர் கடை விஜயலட்சுமிதான் முதலில் விஷயத்தை உடைத்தவள்.

"பொதுவுல போட்டா இந்த மார்க்குக்கு வராதுண்ணா. அம்மா ஜாதியில போட்டாலும் போட்டி ஜாஸ்தி. எஸ்டின்னா வரும். நூத்துக்கு ஒரு சீட்டுதான், ஆனா கேக்கிறவங்க கம்மி. பக்கத்து காலேஜுல ஒரே சீட்டு இருக்குது. சர்டிபிகேட் வச்சிருக்கீங்களா?"

இல்லை. கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்கள். வேடியப்பன் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவன். நிலப் பட்டா அண்ணன் பேரில் இருந்தது. காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. "ஊர்ல விசாரிப்போம். உங்க கூடப்பொறந்தவரு, ஆமா எங்காளுதான்னு வாக்குமூலம் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள்.

கூடப்பிறந்தவன் ஒருவன்தான், அண்ணன் கரியராமன். ஊர் தள்ளி வைத்த நாளிலிருந்து அவன் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தங்கமணி சாவுக்குச் சொல்லி அனுப்பியும் வரவில்லை.

விசாரணை அன்று அப்பனும் மகளும் வெள்ளிமலை பஸ் ஏறிப் போனார்கள். பஸ் வளைந்து வளைந்து ஏறியது. கடுக்காம்பாடியில் இறங்கி நடந்தபோது எதிரில் வந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள், அடையாளம் கண்டுகொண்டார்கள், பாதையை விட்டு விலகிப் போனார்கள். யாரும் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

வருவாய் ஆய்வாளர் ஜெயசுதா அவர்களுக்கு முன்பே வந்து, கரியராமன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஏர் ஓட்டிய சேற்றுக் காலோடு கரியராமன் நின்றான். அவன் மனைவி ஆயம்மாள் அதிகாரிக்குத் தண்ணீர் கொடுத்தாள். கொஞ்சம் யோசித்து எழில்மதிக்கும் கொடுத்தாள். அடுத்து நின்ற வேடியப்பனைப் பார்க்காமலே சொம்பை உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

"லா காலேஜுக்குத்தான் சர்டிபிகேட் கேட்டுக்கினு இருக்காங்க" என்றாள் ஜெயசுதா. "உங்க பையன் அஜித்தும் அதுக்குத்தான போட்டிருக்கான்? நேத்துகூட ஆபீசுக்கு வந்தானே."

வாசற்படியில் நின்ற பையன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணன் மகன் போட்டிருப்பது வேடியப்பனுக்குத் தெரியவே தெரியாது.

கரியராமன் நிதானமாகக் கேட்டான். "எத்தினி சீட்டுங்க?"

"பக்கத்து காலேஜுல ஒண்ணு. மார்க் ஜாஸ்தி யாருக்கோ அவங்களுக்கு."

"இந்தப் புள்ளக்கி எவ்ளோ?"

எழில்மதி சொன்னாள். அவனுடையதைவிட அதிகம் என்பது அஜித் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வேறு கல்லூரிகள் தூரத்தில் இருந்தன. அங்கே அவன் மதிப்பெண்ணுக்கு இடம் வருமோ வராதோ, யார் கண்டது.

இப்போது கரியராமன் ஒரே ஒரு பொய் சொன்னால் போதும். எனக்குத் தம்பியே இல்லை என்றால் ஊரும் ஆமாம் போடும். அவன் வரையில் அது பொய்கூட இல்லை, இத்தனை வருஷம் அப்படித்தானே இருந்தான். அண்ணன் இடத்தில் தான் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று வேடியப்பன் யோசித்துப் பார்த்தான். வந்த பதில் அவனுக்கே பிடிக்கவில்லை. மகள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கரியராமன் மகனைப் பார்த்தான். பிறகு எழில்மதியைப் பார்த்தான்.

"எங்கூடப் பொறந்தவன்தாங்க" என்றான். "ஒரே வயிறு. இது அவன் பொண்ணு. எழுதிக்குங்க."

ஜெயசுதா எழுதினாள். அவன் கையெழுத்துப் போட்டான். அவள் வந்த ஜீப் திரும்பிப் போனது.

வேடியப்பன் "அண்ணே" என்று கதறிக்கொண்டு காலில் விழக் குனிந்தான். கரியராமன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"அந்தம்மா கேட்டாங்க, கூடப் பொறந்தத சொன்னேன். நீ வந்து கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

அவ்வளவுதான். மகன் தோளில் கை போட்டு, ஏர் நின்ற பக்கம் கூட்டிக்கொண்டு போனான். ஆயம்மாள் கதவைச் சாத்தினாள். வேடியப்பன் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அழுதான். மகள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வந்தாள்.

சான்றிதழ் வந்தது, இடமும் கிடைத்தது. பக்கத்து காலேஜ் என்றாலும் தினம் போய்வர முடியாத தூரம், எழில்மதி பெட்டியோடு விடுதிக்குப் போனாள். ஆலையில் எல்லோருக்கும் வேடியப்பன் லட்டு வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கத் தெரியாமல் இரண்டு ஆளுக்கு வடித்தான். மறுநாளும் அப்படித்தான் ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தாள். முதல் வகுப்பில் எல்லோரையும் எழுப்பி நிற்க வைத்து, பேரும் சொந்த ஊரும் சொல்லச் சொன்னார்களாம்.

"கடுக்காம்பாடின்னு சொல்லிட்டேன்பா. சங்கராபுரம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன், அதான் வந்துச்சி. ஒரு தடவதான போயிருக்கேன். தப்பா?"

"தப்பு இல்லம்மா. நீ அந்த ஊருதான்" என்றான்.

"அப்ப தீபாவளிக்கு ரெண்டு பேரும் போலாமாப்பா? பெரியப்பா உன்ன தம்பின்னு கையெழுத்தே போட்டாரே."

அவள் குரலில் அவ்வளவு ஆசை இருந்தது.

"நீ போய்ட்டு வா" என்றான் வேடியப்பன். "நான் பஸ் ஏத்தி வுடறேன்."